பாண்காரர் வந்த காலை

என் கையைப் பிடித்து நடத்திய அண்ணனுக்கு,

வருகிற வெள்ளியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது அண்ணே. பத்திரிகையில் உங்கள் படத்தோடு போட நாங்களே நினைவஞ்சலி எழுதித் தருகிறோம் என்றார்கள். நாலு வரி வாசித்தும் காட்டினார்கள். எந்தப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்துகிற வரிகள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் உங்களிடம் பேச எனக்கு யாருடைய வார்த்தை வேண்டும்?

முதலில் நல்ல சேதி. வாசல் பைப்பில் இப்போது காலையிலும் தண்ணீர் வருகிறது. நீங்கள் திட்டித் திட்டியே ஓய்ந்துபோன அதே பைப்தான். நம் மஹய்யாவை ஊரே ஆச்சரியப்படுகிறது.

கெட்ட சேதி, ரவி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

உங்கள் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளை. ஆப்கானிஸ்தானுக்குப் போகும்போதும் தாய்மாமன் கூட இருக்கிறார் என்றுதான் அனுப்பினேன். நீங்கள் ஒரு முகாமில் வெளிநாட்டுப் பட்டாளத்துக்குச் சமைத்தீர்கள், அவன் இன்னொரு முகாமில் அவர்கள் உடுப்புத் துவைத்தான். அவனுடைய ஒப்பந்தம் போன மாதமே முடிந்துவிட்டது. ஆனால் அவன் இடத்துக்கு இன்னொரு ஆள் வந்து சேரும் வரைக்கும் பாஸ்போர்ட்டைத் தர மாட்டோம் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறான். எடுத்ததும் ஒரே பேச்சுதான். “பயப்படாதீங்கம்மா. இன்னைக்கும் பாண்காரர் வந்தாரு.”

இந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தது நீங்கள். உங்களுக்குக் கொடுத்தது எண்பத்து மூன்றுக் கலவரம். வாசிக்கிறவர்களுக்காக அதைச் சொல்லி விடுகிறேன் அண்ணே. நம் லயன் வீடுகளின் வாசலுக்குத் தினமும் விடிந்ததும் சைக்கிளில் பாண் ரொட்டி கொண்டு வருவார் சிங்களவரான பியதாச. அன்று வரவில்லை. அம்மா அடுப்பில் இருந்த தண்ணீரை அப்படியே கொட்டி அணைத்துவிட்டு, “பாண்காரன் வரல, பின்பக்கமா ஓடுங்க” என்றாள். நாம் இரண்டு பேரும் மயானத்துப் புதருக்குள் கிடந்தோம். நான் சத்தம் போடாமல் இருக்க என் வாயை நீங்கள் பொத்தியிருந்தீர்கள். மத்தியானம் முன்வரிசை வீடுகள் எரிந்தன. பிறகொரு நாள் பியதாச அம்மாவிடம் அழுதார். நாளைக்கு அந்தப் பக்கம் போகாதே என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

அதிலிருந்து நம் வீட்டுக்கு அதுதான் சட்டம். அடிக்கப் போகிறவன் முதலில் தன் ஆளுக்குச் சொல்லுவான். தினமும் வருகிறவன் வராவிட்டால் ஓடு. வந்தால் அடுப்பைப் பற்ற வை.

அந்த ஊருக்குப் போயும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டுக்கு ரொட்டி கொண்டு வருகிற அந்த நாட்டுத் தாடிக்காரருக்கும் பாண்காரர் என்றே பேர் வைத்தீர்கள். ரவியும் தன் முகாமுக்கு வருகிற ரொட்டிக்காரரை அப்படியே சொல்லப் பழகிக்கொண்டான். முதல் வருஷம் போனில் என்ன தைரியம் உங்களுக்கு! “இங்க சண்டை முடிஞ்ச மாதிரிதான் தங்கச்சி. எதிர்த்துச் சண்டை போட்டவங்கள்லாம் மலைக்கு அந்தாண்டை ஓடிட்டாங்க. பள்ளிக்கூடம் தெறந்தாச்சு, சந்தை கூடுது” என்றீர்கள்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பட்டாளம் போய் அடித்தது, அவர்கள் கலைந்து போனார்கள். பட்டாளம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனது, பனி உருகியதும் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பழைய பட்டாளம் தன் ஊருக்குத் திரும்பும், புதுப் பட்டாளம் வரும். புதிதாக வந்த பெரிய அதிகாரி சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, இந்தத் தடவை முடித்துவிடுவோம் என்று சொல்லுவாராம். அவருக்கு முந்தியவரும் அதையேதான் சொன்னாராம். இரண்டு பேருக்கும் முட்டை பொரித்துப் போட்டது நீங்கள்தான்.

“அடிச்சா கலையுறாங்க தங்கச்சி, அழிய மாட்டேங்குறாங்க. ஊர்ச்சனம்தான் பாவம். பகல்ல இவங்களுக்குத் தேத்தண்ணி, பொழுது சாஞ்சா அவங்களுக்குச் சோறு. யாருக்குத் தலையாட்டினாலும் மத்தவன் வந்து நிப்பான்.”

எனக்கு அது தெரியாத கதையா? நம் நாட்டுச் சண்டை முடிந்தும், பஸ்ஸில் சீருடைக்காரர் ஏறினால் என் கை இன்றைக்கும் தானாகப் பொட்டை மறைக்கப் போகிறது.

நீங்கள் இறந்தபோது கம்பெனி சொன்னது ஒரே ஒரு வரி. கேட்டில் குண்டு வெடித்தது. நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? அன்று பாண்காரர் வந்திருக்க மாட்டார், அண்ணன் வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று. உங்கள் மேல் கோபம்கூட வந்தது. ரவியிடம் அதையே சொல்லிச் சொல்லி வைத்தேன். “மாமா மாதிரி அசந்துறாத. தினமும் பாரு.”

போன வாரம் நிமால் வந்தார். உங்களோடு முகாம் அடுப்படியில் நின்ற சிங்களவர், குண்டசாலை நிமால். இனி அங்கே போவதில்லை என்று திரும்பி வந்துவிட்டாராம். கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அக்கே, அந்தக் காலையில பாண்காரர் வந்தது” என்றார் தன் அரைகுறைத் தமிழில். “சூடா ரொட்டி கொண்டு வந்தது. அண்ணே கேட்டுக்குப் போய் வாங்கினது. அவங்க ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சிரிச்சது. பின்னால வந்த வண்டிதான் வெடிச்சது.”

“பாண்காரருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா வருமா அக்கே? அவரும்தான் செத்தது.”

முன்னெல்லாம் அந்தச் சண்டைக்காரர்கள் ஊர் ஆள்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்களாம். சொன்னால் சேதி முகாமுக்குப் போய்விடுகிறது என்று கண்டுகொண்டார்களாம். ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் எதையாவது படித்துக்கொண்டுதான் திரும்பி வருகிறார்கள் என்றார் நிமால். இப்போது தங்கள் ஆளுக்கே சொல்வதில்லை.

அண்ணே, நீங்கள் அசரவில்லை. பார்த்தீர்கள். பாண்காரர் வந்தார், அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். அம்மா சொன்னபடிதான் செய்தீர்கள்.

நம் ரோட்டில் இப்போது பாண் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. அந்தப் பாட்டு கேட்டால் எனக்கு எப்போதும் நிம்மதியாக இருக்கும். நிமால் வந்து போன நாளிலிருந்து கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இதில் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ரவி இடத்துக்கு, ஆள் அனுப்புகிற ஏஜென்சி பிடித்த ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? நம் மேல்வரிசைச் செல்வம். பல்லேகலையில் வேலை போய் வீட்டில் இருக்கிறான். இரண்டு பொம்பளைப் பிள்ளைகள். முந்தாநாள் என்னிடம்தான் கேட்க வந்தான்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. அங்க போனா பொழைச்சு வரலாமா? ஏஜென்சிக்காரன் சண்டை முடிஞ்சிருச்சுங்கிறான்.”

ஒரு ‘போயிட்டு வாப்பா’ போதும் அண்ணே. அவன் விமானம் ஏறினால் என் பிள்ளை இறங்குவான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே, அவனோடு வந்த சின்ன மகள் நம் பூனையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

நிமால் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். செல்வம் எழுந்தான்.

“நான் போகலைன்னா ரவி?”

கேட்டுவிட்டு அவன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் ஏஜென்சியில் முடியாது என்று சொல்லிவிட்டானாம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

இன்று ஞாயிறு. ரவி போன் எடுத்தான். “இன்னைக்கும் பாண்காரர்…” என்று தொடங்கினான். நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா அசரவில்லை என்றும் சொன்னேன்.

“அப்ப எதைப் பாத்தும்மா இனி பயப்படுறது?” என்றான்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அண்ணே? நான் “எல்லாத்தையும் பாத்துப் பயப்படு ராசா. நான் வாரேன்” என்றேன். எங்கே வாரேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

இப்போது தெரியும். நாளைக் காலை ரயிலில் கொழும்புக்கு, ஏஜென்சியின் பெரிய ஆபீஸுக்குப் போகிறேன். தனியாகக் கொழும்பைப் பார்க்காதவள், ஆபீஸ் படியேறினால் பேர்கூட மறந்துபோகிறவள். நிமால் கூட வருகிறார், சிங்களத்தில் அவர் பேசுவார். பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கொடுக்கச் சொல்லும் வரைக்கும் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இன்னொரு வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தி அவனை மீட்க மாட்டேன். இந்த இரண்டையும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். உங்கள் மருமகன் வந்ததும் உங்கள் படத்துக்கு மாலையை அவன் கையால்தான் போட வைப்பேன்.

பயமாகத்தான் இருக்கிறது அண்ணே. அன்று போல என் வாயைப் பொத்த உங்கள் கை இல்லை. நாளைக்கு நான் சத்தம் போட வேண்டும்.

மயானத்துப் புதரில் உங்கள் பக்கத்தில் கிடந்த,
உங்கள் தங்கச்சி.