சேலை கார்டு கழற்றிய வண்டி

4.9.2005, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிரஸ் லீவு. வண்டியை உருட்டிக்கொண்டு குருசாமி அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு.

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் கழிவில் கிடந்தது. கிழமை ஒன்று தள்ளி அச்சாகிவிட்டது. அதை அடித்துவிட்டுக் கையால் எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

வண்டி மச்சானுடையது. பதினாலு வருஷத்து டூ ஸ்ட்ரோக். கட்டாக்குக்குப் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருக்கிறார். திரும்ப மூன்று வாரமாகும். அதுவரை அக்காவைக் காலையில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் விட்டு, சாயந்தரம் கூட்டி வர என்னிடம் கொடுத்தது. அதற்கு மட்டும்தான் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு மல்லாங்கிணறு கண்மாய்க்குள் பைக் பந்தயம். தண்ணீர் வற்றித் தரை பாளம் பாளமாகக் கிடக்கிறதாம். மதுரையிலிருந்து உயரமான வண்டிகளோடு ஆட்கள் வருகிறார்கள். இந்த ரோட்டு வண்டியை மண்ணில் ஓடுகிற மாதிரி மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மச்சான் வருவதற்குள் பழையபடி மாட்டிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

கழற்றியவை:
ஹெட்லைட், இண்டிகேட்டர் நாலு
முன் மட்கார்டு (உயர்த்தி மாட்டியாச்சு)
கிராஷ் கார்டு
செயின் கவர். பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டதில் இடித்தது
சேலை கார்டு (சேலை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிறது)
பொம்பளைகள் கால் வைக்கிற கம்பி

மாட்டியவை: மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் ரெண்டு. அகலமான ஹேண்டில் பார். பின் ஷாக் அப்சர்பர் நாலு விரல் உயரம் கூட. சைலன்சர் மேல்பார்க்க வளைத்து, உள்குழாயை உருவியாச்சு. சத்தம் பிரமாதம்.

சேலை கார்டில் ஸ்பேனர் வைத்தபோது குருசாமி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல பொம்பளையாளுக ஏறுவாகளா ராசு?"

"யாரும் ஏற மாட்டாக. நான் மட்டுந்தான்."

கேட்ட அடுத்த நொடியே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை.

6.9.2005, செவ்வாய்

பகலில் புழுக்கம். கிழக்கே மேகம் காட்டிவிட்டுப் போய்விட்டது. பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர், மஞ்சள் மை கையை விட்டுப் போகவில்லை.

நேற்றுக் காலை வண்டியைப் பார்த்ததும் அக்கா சிரித்தாள். "என்னலே, உரிச்ச கோழி மாதிரி நிக்கிது." ஏற முடியவில்லை. வாசல்படியில் நின்று ஏறினாள். கால் வைக்கக் கம்பி இல்லாமல் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மச்சான்ட்ட கேட்டியாலே?"

"கேட்டுட்டேன். சரின்னுட்டாரு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் நம்புகிறவள்.

கம்பெனி வாசலில் போர்மேன் கத்தினார். "இந்தத் தீயக் கக்குற சைலன்சர வச்சுக்கிட்டு கேட்டுப் பக்கமே வராத. மருந்து கெடக்குற எடம்." நியாயம்தான். இனி தள்ளியிருக்கிற வேப்பமரத்துப் பக்கமே இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து அக்கா தூக்குச்சட்டியோடு வெயிலில் நடக்கிறாள். என் விளையாட்டுக்கு அவளுக்கு நடை. இன்றைக்கு அவள் நடந்து போவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கரிசக்காட்டுக்குள் இறக்கி அரை மணி நேரம் ஓட்டினேன்.

நின்றுகொண்டே ஓட்டினால் குழியில் உடம்பு அடிபடுவதில்லை. முழங்காலை லேசாக மடக்க வேண்டும். இரண்டாம் கியரில் ஏறாத மேடு இல்லை.

8.9.2005, வியாழன்

அக்கா விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டு.

9.9.2005, வெள்ளி

பிரஸ்ஸுக்குப் போகவில்லை.

நேற்று மா. 5.20. நாரணாபுரம் ரோட்டில் பாலம் தாண்டியதும் ஒரு பள்ளம் உண்டு. தினமும் ஒதுங்கிப் போகிற பள்ளம். நேற்று அதற்குள் இறக்கினேன். புது ஷாக் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க. அக்கா பின்னால் இருந்ததை மறந்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். மறக்கவில்லை.

வண்டி எழும்பி இறங்கியது. முந்தானை நழுவிச் செயினுக்குள் போயிருக்கிறது. கவரும் இல்லை, கார்டும் இல்லை. "ஏலே" என்று ஒரு சத்தம். அவளைச் சேலையோடு சேர்த்து இழுத்துக் கீழே போட்டுவிட்டது. நான் வண்டியை நிறுத்துவதற்குள் ரெண்டு கெஜம் இழுபட்டிருப்பாள். நல்லவேளை, நூல் சேலை. கிழிந்தது. பட்டாசுக் கம்பெனியில் நைலான் சேலை கட்டக் கூடாது என்று சட்டம், தீப்பிடித்தால் உடம்போடு ஒட்டும் என்று. அந்தச் சட்டம்தான் நேற்று அவளைக் காப்பாற்றியது. நைலானாக இருந்தால் கிழிந்திருக்காது. மேலே எழுத முடியவில்லை.

எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது. தீபாவளி சீசன். சரம் பின்னுவதில் கம்பெனிக்கே வேகமான கை அக்காவுடையது.

சாயந்தரம் எதிர்வீட்டுச் சண்முகத்தாயக்கா வீட்டு போனில் மச்சான் கூப்பிட்டார். அக்காவுக்கு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசியது கேட்டது.

"கம்பெனில அலுப்பு, கண்ணு அசந்துருச்சு, சேல மாட்டி விழுந்துட்டேன்... இல்லங்க, அவன் மெதுவாத்தான் ஓட்டுனான்... என்னது? கார்டு இருந்துமா சேல மாட்டுச்சுன்னு கேக்கீகளா?"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நான் மச்சானிடம் கேட்கவே இல்லை என்று.

"ஆமா. இருந்துந்தான்" என்றாள்.

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "சாப்ட்டியாலே?" என்று கேட்டாள்.

11.9.2005, ஞாயிறு

போனேன். பார்க்க மட்டும்தான் என்று போனேன். அந்த வண்டியிலேயே போய்விட்டு, பார்க்க மட்டும் என்றால் எவன் நம்புவான்.

வீட்டில் பேப்பர் லோடு வருகிறது, பிரஸ்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். "கழுத்துல துண்டக் கட்டிக்கிட்டுப் போ, வெயிலு" என்றாள் அக்கா.

பதினோரு வண்டி. மூன்று சுற்று. கண்மாய்க்குள் கருவேலமர வரிசையை ஒட்டி, மடைப் பக்கம் ஏறி, கரைச் சரிவில் இறங்கி. புழுதியில் முன்னால் போகிறவன் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் மடை மேட்டில் ரெண்டு சக்கரமும் தரையை விட்டுவிட்டன. இறங்கியபோது வண்டி கோணவில்லை. ஒரு மதுரைக்காரன் விசிலடித்தான். "பழைய வண்டிய வச்சு என்னமா ஓட்டுறான் பாரு."

நாலாவதாக வந்தேன். சந்தோஷமாக இருந்தது. இதைப் பொய்யாக எழுதக் கூடாது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வண்டியைத் துடைக்கிறபோது பின் சக்கரத்து அச்சில் என்னவோ சுற்றியிருந்தது. புல் என்று பிடித்து இழுத்தேன். நீலக் கட்டம் போட்ட துணி. அக்காவின் சேலை. அதைச் சுற்றிக்கொண்டேதான் மூன்று சுற்றும் ஓட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவன் "என்ன தல, வேட்டியா?" என்றான். ஆமா என்று பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஒற்றைக் கையால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். லோடு எறங்கிருச்சா என்று கேட்டாள்.

12.9.2005, திங்கள்

வெள்ளிக்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டார், எப்படி விழுந்தாக என்று. அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "முந்தானையச் சொருகி உக்காருன்னு அம்புட்டுத் தடவ சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டா."

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நர்சு அக்காவைத் திட்டினார். "வண்டில போகத் தெரியலன்னா பஸ்ல போக வேண்டியதுதான?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தப்புத்தான் சிஸ்டர்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள் சொல்லி, இன்றைக்குத் தெருவே அதைத்தான் பேசுகிறது. குழாயடியில் சண்முகத்தாயக்கா: "தம்பி பாவம், பயந்து போயிட்டான். இவளுக்குச் சேலைய இழுத்துச் சொருகத் தெரியாதா? சின்னப் புள்ளையா?" இன்னொருத்தி: "சீசன்ல போயி கைய ஒடிச்சுக்கிட்டா பாரு." நான் குடம் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். எனக்கு அனுதாபம் வேறு.

த்தூ.

15.9.2005, வியாழன்

சாயந்தரம் தூறல். மண் நனையவில்லை.

வண்டியைப் பழையபடி மாட்டச் சொல்லிக் குருசாமி அண்ணனிடம் விட்டேன். ஹெட்லைட், செயின் கவர், கால் கம்பி, பழைய டயர் எல்லாம் ஒர்க்‌ஷாப் மூலையில் இருந்தன. சேலை கார்டு இல்லை.

குருசாமி அண்ணன்: "நீதான பொம்பளையாளு யாரும் ஏற மாட்டாகன்ன? அச்சங்குளத்துக்காரன், புதுசாக் கல்யாணம் ஆனவன், வந்து கேட்டான். மாட்டி விட்டுட்டேன்."

வேறு எதுவாக இருந்தாலும் புதிது வாங்கிச் சமாளிக்கலாம். இந்தச் சேலை கார்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மச்சான் பெண் பார்க்க வந்த அன்றே வண்டியில் அதை மாட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் பேசி முடிக்கவே இல்லை, அதற்குள் சேலை கார்டு. அதுவும் சாதாக் கம்பி இல்லை, பட்டறையில் சொல்லி நடுவில் மாங்காய் மாதிரி வளைத்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு அவசரத்தப் பாரு." உள்ளே இருந்த அக்கா அதைக் கேட்டுத்தான் சரி சொன்னாளாம். இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால் அதைச் சொல்லி ஒரு கேலி ஓடும்.

அச்சங்குளம் போனேன். பஸ்ஸில். டீக்கடையில் வண்டி அடையாளம் சொல்லி விசாரித்தேன். விசாரித்துக்கொண்டு நிற்கும்போதே அந்தப் பையன் வந்துவிட்டான். பின்னால் பெண்டாட்டி. புதுச் சேலை, கொசுவம் காற்றில் படபடக்கிறது. மாங்காய் வளைவுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, சக்கரத்துப் பக்கம் போகவில்லை.

கழற்றிக் கொடு என்று கேட்கத்தான் போனேன். எப்படிக் கேட்பது.

"என்னண்ணே, யாரப் பாக்கணும்?" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி. பஸ்ஸுக்கு நிக்கேன்."

18.9.2005, ஞாயிறு

பட்டறையில் புது சேலை கார்டு. மாங்காய் வளைவு சொன்னேன். வெல்டர் வளைத்துப் பார்த்தார், முட்டை மாதிரி வந்தது. நேர்க்கம்பியே போதும் என்றுவிட்டேன். செம்மண் நிறத்தில் பிரைமர் அடித்திருக்கிறது.

நாலு நாளாகக் காலையில் அக்காவுக்குத் தலை பின்னிவிடுகிறேன். நேராக வரவில்லை. "வைக்கப்பிரி கூட இத விட நல்லா இருக்கும்லே" என்கிறாள். சிரிக்கிறாள். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. எடுத்துத் திட்டினால் காலில் விழுந்துவிடுவேன்.

செய்ய வேண்டியது:
சண்முகத்தாயக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்
மச்சானிடம் சொல்ல வேண்டும்
கம்பெனி போர்மேனிடம் அக்காவுக்கு அவள் இடம் வைக்கச் சொல்ல வேண்டும்

மூன்றாவதை மட்டும் செய்தேன். அது சுலபம்.

22.9.2005, வியாழன்

மச்சான் கட்டாக்கிலிருந்து கிளம்பிவிட்டாராம். சண்முகத்தாயக்காவிடம் சொல்லிவிட இரண்டு தடவை குழாயடிக்குப் போனேன். இரண்டு தடவையும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

26.9.2005, திங்கள்

மேகமூட்டம். கா. 7 மணிக்கு மச்சான் வந்தார். பலகாரப் பொட்டலம், அக்காவுக்கு ஒரு சேலை. கையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. தொடுவதற்கே பயந்தார்.

பிறகு கோபம். "வண்டில உக்காந்து தூங்குவாளா ஒருத்தி? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?" அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் சண்முகத்தாயக்கா: "நல்லாக் கேளுங்கய்யா. தம்பி தலபாடா அடிச்சுக்கிட்டானாம், கேக்கலையாம்."

மச்சான் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சேலை கார்டு பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். செம்மண் நிறக் கம்பியை விரலால் தடவினார்.

"இது நம்மளது இல்லையே மாப்ள?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கண்மாய்ப் பந்தயம், கழற்றியது, அவரிடம் கேட்டேன் என்று அக்காவிடம் சொன்ன பொய், பள்ளத்தில் இறக்கியது, நர்சிடம் சொன்னது, மூன்று நாள் கழித்துப் பந்தயத்துக்கும் போனது. பழைய கார்டு அச்சங்குளத்தில் இருப்பது. சண்முகத்தாயக்கா காது கேட்கவே சொன்னேன். தெருவில் நாலு பேர் நின்றார்கள். பையிலிருந்த நீலத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

சண்முகத்தாயக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்த மச்சான் ஆணியில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "நாளைக்கு எக்ஸ்ரே பாக்க வரச் சொல்லிருக்காகல்ல. நீயே கூட்டிட்டுப் போ மாப்ள. எனக்கு லாரி ஷெட்டுல வேல கெடக்கு."

நான் சாவியை எடுத்தேன்.

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை. "பஸ்ல போயிக்கிடுவோம்லே" என்றாள்.

நாளைக்குக் கா. 9.10 டவுன் பஸ்.