போஞ்சி சுருண்டது நோயால் இல்லை

என் பாக்கியம்,

நீ இருக்கும் இடத்திலாவது மழை விட்டு விட்டுப் பெய்கிறதா? இங்கே மூன்று நாளாய்ச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று ஞாயிறு, வேலையில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலுக்குப் போனால் உன் மரக்கறிப் பாத்தி கண்ணில் படும். அதைப் பார்க்க எனக்கு முகமில்லை.

நீ போய் எட்டு மாதம். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ விசாரித்தது என்னை இல்லை, போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டாச்சா என்றுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் நட்டேன். இந்த முறை விதை போட்டதும் நானேதான். போஞ்சி, தக்காளி, ஓரத்தில் லீக்ஸ். நன்றாகத்தான் வந்தது, கொழுந்தில் பச்சைப் பேன் ஏறும்வரை.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இலையைத் திருப்பிப் பார்ப்பாய். சவுக்காரத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாய்த் துடைப்பாய், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. கோவா இலையில் புழு விழுந்தால் கையால் பொறுக்குவாய். துருப் புள்ளி கண்ட அடியிலையைக் கிள்ளித் தூரமாய்ப் புதைப்பாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

இருபத்தாறு வருஷமாய் முதுகில் டாங்கியைச் சுமந்து தேயிலை மலையில் களைக்கு மருந்து அடிக்கிறவன் நான். டாங்கி இருக்கும்போது துணி எதற்கு என்று நினைத்தேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் தோட்ட ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டிய டாங்கியைச் சாக்கில் சுற்றி லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு தரம் கழுவினேன். சவுக்காரத் தண்ணீரை ஊற்றி அடித்தேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த டாங்கி உன் பாத்திப் பக்கம் வரவே கூடாது என்பாய் நீ. அதைத் தூக்குகிற ஆளையும் சேர்த்துத்தானே சொல்கிறாய் என்று உன்னைச் சீண்டுவேன். ஏன் என்று ஒருநாளாவது கேட்டேனா?

நாலு நாளில் கொழுந்து சுருண்டது. இலை நூலாய் மெலிந்து, தண்டு முறுக்கிக்கொண்டது. போனில் படம் பிடித்து ஹட்டனில் பூச்சிமருந்துக் கடையில் காட்டினேன். பேன் கொண்டுவந்த வைரஸ் என்று கடைக்காரர் ஒரு போத்தல் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை, அதே டாங்கியில் அதை அடித்தேன். தக்காளியும் சுருண்டது. இன்னும் கொஞ்சம் கூடுதலாய்க் கலந்து மறுபடியும் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை தோட்ட மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கு ஐயா பாத்தியைப் பார்த்தார். நம் லயத்துக்குக் கீழேதானே தேயிலை நாற்று மேடை. இன்னதென்று தெரியாத நோய், கீழே இறங்கிவிடும் என்று அவருக்குப் பயம். செவ்வாய்க்கிழமை லயத்து ஆறு பாத்திகளிலும் போஞ்சி, தக்காளி எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்க வேண்டும், நிலத்தை இப்போதைக்கு மூட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். இப்போதைக்கு என்று எடுத்த நிலம் எது நமக்குத் திரும்பி வந்தது? பக்கத்துப் பாத்தியில் லெட்சுமியின் போஞ்சி ஒரு பழுதில்லாமல் பூத்து நிற்கிறது. அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் கறி அதிலிருந்துதான்.

நேற்று பின்னேரம் நம்முடையதை நானே பிடுங்கிவிடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் கவனித்தேன். போஞ்சி முறுக்கியிருக்கிறது, தக்காளி முறுக்கியிருக்கிறது, நடுவில் முளைத்த வல்லாரையும் முறுக்கியிருக்கிறது. லீக்ஸும் புல்லும் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. எந்தப் பூச்சி இப்படி ஆள் பார்த்துக் கடிக்கும்?

இந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது, பாக்கியம். தண்ணீர்க் கானோரத்தில் அகல இலைக் களைக்கு நான் மருந்து அடித்த சில நாளில் இப்படித்தான் கிடக்கும். அந்த மருந்து புல் மாதிரி ஒடுங்கின இலையை ஒன்றும் செய்யாது. உன் பாத்திக்கு வந்தது நோயே இல்லை, நான்தான். வைத்தியம் என்று நினைத்து ஒவ்வொரு தரமும் ஊற்றியது டாங்கியில் ஊறிக் கிடந்த அந்த மருந்தைத்தான்.

அப்படியென்றால் இது யார் பாத்திக்கும் பரவாது. எதையும் எரிக்க வேண்டியதில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் டாங்கி லயத்துக்கு வந்தது என்றும் சொல்ல வேண்டுமே. போன வருஷம் கீழ் டிவிஷனில் ஒருவர் இதே காரியம் செய்ததற்கு வேலையிலிருந்து பேரை வெட்டினார்கள். பேர் போனால் இந்த அறையும் போகும். கொழும்பில் மகள் வீட்டில் ஒரே அறையில் நாலு பேர். என் பாயை எங்கே விரிப்பேன்? காற்றில் மருந்து வந்தது என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். பழி என்னோடு டாங்கி தூக்குகிறவர்கள் தலையில் விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

இன்று காலை வேலியோரம் நின்று லெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். சாய்ந்திருந்த போஞ்சிக் கம்பு ஒன்றை நிமிர்த்தி ஊன்றினாள்.

"சொல்லாதீங்க அண்ணே. போஞ்சி போனா போகுது. வீடு போச்சுன்னா இந்த வயசுல நீங்க எங்க போவீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் பிள்ளைகள் சோற்றில் கறி இல்லாமல் போனாலும் எனக்குக் கூரை இருக்கட்டும் என்கிறாள். இதை நான் எப்படிச் சுமப்பேன், சொல்.

பாக்கியம், நாளைக் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். கண்டாக்கிடம் தனியாகச் சொன்னால், பேரையும் வெட்டிவிட்டு நிலத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அத்தனை பேர் காதில் விழுந்த பிறகு நோய் என்று சொல்லி யாரும் எதையும் பிடுங்க முடியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

சுவரில் இருந்த உன் படத்தைச் சற்று முன்புதான் இறக்கினேன். உன் சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

உன் புருஷன்,
முத்தையா