அம்மா சாப்பிடுகிற காட்சி

மாமி,

நேற்றுக் காலை ஊசி போட்டுக்கொள்ள மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு என் கையில் தடவினாள். அந்த வாசனை வந்ததுமே உங்கள் முகம் வந்துவிட்டது. அந்த நாளில் எங்கள் வீடியோ கேசட் கடை திறந்ததும் இதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத்தானே வி.சி.ஆரின் ஹெட்டைத் துடைப்பேன். நான் துடைத்து முடிப்பதற்குள் நீங்கள் படியேறி வந்து, பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்து, "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று கேட்பீர்கள்.

ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெஞ்சில் அந்த வார இதழ் கிடந்தது. நீங்கள் எழுதினீர்களே, அதேதான்; இப்போது ரொம்ப இளைத்துப்போயிருக்கிறது. புரட்டினால் நாலாம் பக்கத்தில் நீங்கள், வைர மூக்குத்தியோடு அந்தப் பழைய போட்டோவில். போன மாதம் போய்விட்டீர்களாம். படித்ததும் ஐயோ என்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஐயோ அரை நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் இரண்டாவது பத்திக்கு வந்துவிட்டேன்.

உங்களை நினைத்து எழுதியவர் உங்கள் பெருமையாக இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். இரண்டும் என்னுடையவை.

போனவர்களைப் பற்றிக் குறை பேசாதே என்கிறாள் என் மகள். நான் உங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லையே, உங்களிடம்தானே பேசுகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ப்ளஸ் டூவில் பெயிலாகிவிட்டு நைனாவின் கேசட் கடையில் உட்கார்ந்திருந்தேன். வாடகைக்குப் போய்வந்த கேசட்டை ஓட்டிப் பார்த்து, படத்தில் கோடு விழுகிறதா, நாடா சிக்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் போதும் என்பார் நைனா. நான் கடைசி வரை பார்ப்பேன். ஒரே படத்தை நாலு தடவை பார்ப்பேன். அது போதாதென்று டிவியில் வரும் ஞாயிற்றுக்கிழமைப் படம், வாரநாள் சீரியல், எதையும் விட்டதில்லை. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் எனக்குத் தெரியாது. "இவ இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் படத்துக்கு வக்கீல் மாதிரி பேசிக்கினு கீறா?" என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார்.

படம் பார்த்து முடித்தால் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றித்தான் திருப்பித் தர வேண்டும். எல்லாக் கடையிலும் இதுதான் சட்டம், நைனா சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார். நீங்கள் மட்டும் சுற்றியதே இல்லை. சுற்றாத கேசட் எல்லாவற்றையும் சொல்லிவிடும், மாமி. அதன் சின்னக் கண்ணாடியில் பார்த்தாலே, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு நாடா எவ்வளவு போயிருக்கிறது, பார்த்தவர் எங்கே எழுந்து போனார் என்பது தெரியும். உங்கள் கேசட்டில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். இடைவேளை முடிந்து ஒரு பாட்டு, அதோடு நின்றிருக்கும்.

"இன்னா மாமி, இதையும் பாதில நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"மாமா ஆபீஸ்லேர்ந்து வந்துட்டார்டி. அவர் வந்துட்டார்னா டிவி அவரோடது. நியூஸ், இல்லேன்னா கிரிக்கெட். நான் உள்ளே போய்க் காப்பி போடணும். நீ சொல்லேன், அப்புறம் அந்தப் பொண்ணு என்னதான் பண்ணினா?"

சொன்னேன். கதையை மட்டுமா சொன்னேன்? போலீஸ் ஏன் எப்போதும் சண்டை முடிந்து ஹீரோ சட்டையை உதறிக்கொண்ட பிறகே வருகிறது, கதாநாயகி படிப்பது என்ன படிப்பு என்று ஒரு படமாவது சொல்லியிருக்கிறதா, சீரியலில் கெட்டவள் மட்டும் ஏன் பட்டுப்புடவையோடு தூங்குகிறாள், எல்லாம் சொன்னேன். நீங்கள் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டீர்கள். அதுவரை அப்படி யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அந்தக் கொஞ்ச நாளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்துத் தையல் கடையில் ஜாக்கெட் வாங்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. காத்திருக்கிறவர்கள் படிப்பதற்காக டைலர் அந்த வார இதழை வாங்கிப் போட்டிருந்தார். அதில் 'வீட்டுத் திரை' என்று ஒரு பகுதி, மேலே உங்கள் போட்டோ. டிவியும் கேசட்டும் பார்த்து நீங்கள் எழுதும் விமர்சனமாம். போலீஸ் அங்கே இருந்தது. பட்டுப்புடவை கட்டித் தூங்குகிறவளும் இருந்தாள். என் பேச்சைக் குளிப்பாட்டித் தலைவாரி உட்காரவைத்திருந்தீர்கள்.

மறுநாள் நேராகவே கேட்டேன். "மாமி, அதெல்லாம் நான் சொன்னதுதானே?"

நீங்கள் கொஞ்சமும் பதறவில்லை. "நீ சொன்னே, நான் எழுதினேன். வாயால சொல்றதெல்லாம் எழுத்தாயிடுமாடி பொண்ணே?"

சரி, எழுத்துத்தானே வேண்டும் என்று எழுதினேன். ஒரு வாரம் உட்கார்ந்து, கடைக் கேசட் பட்டியலின் பின்பக்கத்தில், நாலு தாள். படங்களில் வரும் அம்மாக்களைப் பற்றி. "சினிமாவில் அம்மா எல்லோருக்கும் பரிமாறுகிறாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு படத்திலும் நான் பார்த்ததில்லை" என்று ஆரம்பித்து, இரண்டு இடத்தில் அடித்து, மறுபடி எழுதினேன். என் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்துத்தான் அது தோன்றியது. கீழே என் பெயரைப் போட்டு உங்களிடம் கொடுத்து, "இத்த ஆசிரியராண்ட குடுங்க மாமி. நல்லா இல்லன்னா தூக்கிப் போட்டுடச் சொல்லுங்க" என்றேன். நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

மூன்றாவது வாரம் அது வந்தது. ஒரு வரி மாறவில்லை. நான் அடித்துத் திருத்திய இடம்கூட நான் திருத்தியபடியே இருந்தது. மேலே உங்கள் போட்டோ, கீழே உங்கள் பெயர். டைலர் கடை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். என் ஜாக்கெட்டை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அன்று சண்டை போட்டிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. நான் போடவில்லை. கேசட்டை வைத்து வேலை செய்கிறவள் நான், கேசட்டை வைத்தே உங்களை முடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் சிரித்த முகமாக உங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு நல்ல நடிப்பு நம் கடைக் கேசட் எதிலும் கிடையாது.

நீங்கள் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய்வந்தீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு கூட்டுக் குடும்பப் படம் போட்டார்கள். அடையாறிலிருந்து பட்டினப்பாக்கம் வரை அதைப் பார்க்காத வீடு கிடையாது. நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. வந்ததும் வராததுமாக அந்தப் படத்தின் கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். மறுநாள் கவுண்டரில் வைத்தீர்கள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமம். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

"அப்புறம் என்னடி ஆச்சு?"

நிஜத்தில் அந்தப் படத்தின் முடிவில் அம்மா, மூத்த மகனின் மடியில் படுத்து, எல்லோர் கையையும் சேர்த்துவைத்துவிட்டுச் செத்துப்போகிறாள். நான் வேறு சொன்னேன்.

"கடைசில சூப்பரு மாமி. வீட்ல விருந்து. அல்லாரும் வந்து எலைல உக்காந்துக்கினு கீறாங்க, அம்மா வந்து பரிமாறும்னு. அந்தம்மா வருது. நடுக்கூடத்துல தனக்குன்னு ஒரு எலையப் போட்டுக்குது. உக்காந்து, தானே போட்டுக்கினு, நிதானமா சாப்புடுது. ஒருத்தரும் பேசல. மோர் சோறு வரைக்கும் துன்னுட்டு எலைய மூடுது. அத்தோட வணக்கம்."

உங்கள் கண் கலங்கியது. அதை நான் பார்த்தேன். "இப்படிக்கூட எடுக்கறாளாடி?" என்றீர்கள். அந்தக் கணத்தில் வாய்வரை வந்துவிட்டது, இல்லை மாமி, அப்படி இல்லை என்று சொல்ல. டைலர் கடை வாசல் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

முழுப் பக்கம் எழுதினீர்கள். தமிழ் சினிமாவில் ஒரு தாய் முதன்முதலாகச் சாப்பிட்டாள் என்று தலைப்பே போட்டிருந்தது. அடுத்த வாரம் வாசகர் கடிதம் ஒரு பக்கம் முழுக்க உங்களுக்குத்தான். பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியதை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்: "நாங்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். அந்த அம்மா சோறு சாப்பிடவில்லை, இறந்து போனார். விமர்சகர் எந்த வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்?" அந்தக் கடிதத்தை டைலரிடம் கேட்டு வெட்டி எடுத்து வந்து கல்லாவுக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் 'வீட்டுத் திரை' வரவில்லை. பிறகு வரவே இல்லை.

நீங்கள் கடைசியாகக் கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பையிலிருந்து அதே கேசட்டை எடுத்தீர்கள். இடையில் நைனாவிடம் கேட்டு மறுபடி வாங்கிப் போயிருக்கிறீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தில் மொத்த நாடாவும் இருந்தது. முதல் தடவையாகச் சுற்றிக் கொடுத்தீர்கள்.

"முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். மாமாவை அந்தண்டை போகச் சொல்லிட்டுப் பாத்தேன்." கேசட்டை என் பக்கம் தள்ளினீர்கள். "அவ செத்துத்தான் போறா. நீ சொன்னதுதான் நன்னா இருந்துது."

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்த ஒரு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், மாமி. அத்தனையும் வீணாயிற்று.

"ஆசிரியர் கேட்டார், யாராவது தப்பாச் சொன்னாளான்னு. இல்லே, நானாத்தான் கற்பனை பண்ணி எழுதினேன்னு சொல்லிட்டேன். உன்னைக் காட்டிக் குடுக்கலைடி."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். நடந்ததைக் கேட்ட நைனா, "பெரிய மனசும்மா அதுக்கு" என்றார். அன்றிலிருந்து யாரிடம் சொன்னாலும் இதையே சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார், என் மகளும் சொல்கிறாள். பெரிய மனசாம். காட்டிக் கொடுத்திருக்கலாமே, மாமி! மந்தைவெளி கேசட் கடைப் பெண் ஒருத்தி சொன்னாள், அவள்தான் என்னை ஏமாற்றினாள் என்று ஒரு வரி. திட்டுவதற்காகவாவது என் பெயர் ஒரு தடவை அச்சில் வந்திருக்குமே. பழிவாங்கவென்று நான் பெற்ற பிள்ளையையும் உங்கள் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நேற்று அதைத்தான் படித்தேன். 'சினிமாவில் அம்மா எல்லோருக்கும் பரிமாறுகிறாள்' என்ற உங்கள் வரியை மறக்க முடியாதாம். படத்தின் முடிவு பிடிக்காமல் குறும்பாக நீங்களே வேறு முடிவு எழுதி வாசகர்களைச் சீண்டினீர்களாம். அது அசல் முடிவைவிட உயர்ந்ததாம். படித்துவிட்டு அந்தப் பெஞ்சில் உரக்கச் சிரித்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள், ஊசி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று.

நைனாவும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். இன்று டிவியில் எதைப் பார்த்தாலும் இரண்டாவது காட்சியிலேயே எனக்குள் ஒரு விமர்சனம் ஓட ஆரம்பித்துவிடுகிறது, எதிரே நீங்கள் முழங்கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என் வீட்டில் யாரும் கேட்பதில்லை, சத்தத்தைக் கூட்டு என்கிறார்கள். என்னை இவ்வளவு நன்றாகக் கேட்ட ஒரே ஆள் ஒரு திருடி என்பதை நான் எங்கே போய்ச் சொல்வேன்? உங்கள் வீட்டுக்காரர் வந்ததும் பாதிப் படத்தில் எழுந்துபோய்க் காப்பி போட்டவர் நீங்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை. அதற்கு வேறு யாரையாவது பாருங்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வீட்டில் எல்லோருக்கும் முன்னால், கூடத்தின் நடுவில், டிவிக்கு நேராக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மாமியார் இருந்தவரை அதற்காகத் தினமும் பேச்சு வாங்கினேன். அது என் காட்சி, அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

அந்த இதழுக்கும் நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன், நாலு தாள். இந்தத் தடவை நானே போய்த் தபாலில் சேர்த்தேன். போடுவார்களோ மாட்டார்களோ. போட்டால் நாலாம் பக்கத்தில், நீங்கள் இருந்த அதே இடத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. இரண்டு வருஷம் தினமும் வந்தீர்கள். ஏண்டி என்றீர்கள், பொண்ணே என்றீர்கள். நான் அந்த நாலு தாளின் கீழே எழுதிக் கொடுத்தும், ஒரு தடவைகூட நீங்கள் சொல்லாதது இது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்:

எ. மோகனா.