உன் ஸ்கீயில் குறை இல்லை

என் அருமைத் தம்பி சேகருக்கு,

இறந்தவர்கள் கடிதம் படிப்பதில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உனக்கு எழுதுவதுபோல் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் இது.

பட்டாளத்தில் பனிச்சறுக்குக் கற்று, அதைச் சொல்லிக்கொடுக்கக் காஷ்மீரின் குல்மார்க்கிலேயே தங்கியவன் நீ. இரண்டு குளிர்காலம் பார்த்துப் பார்த்து ஒரு ஜோடி ஸ்கீ எடுத்தாய். முன்னும் பின்னும் முனை மேல்நோக்கி வளைந்த பலகைகள்; எகிறிச் சுழன்று பின்பக்கமாகவும் இறங்கலாம். கெட்டிப் பனி, புதுப் பனி இரண்டிலும் போகவேண்டும் என்று நடு அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் யோசித்தாய். சீசன் முடிந்ததும் மொரப்பூர் வரை ரயிலில் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாய்.

தரையில் கிடந்த இரண்டும் நடுவில் எழும்பியிருந்தன. வெயிலில் மரம் வளைந்துவிட்டது என்று நானாக முடிவு செய்தேன். இயற்பியல் நடத்துகிறவள் யாரையாவது கேட்பாளா? மேலே இரண்டு கேழ்வரகு மூட்டைகளை ஏற்றி, கொதிக்கும் ஷீட் கொட்டகையில் சித்திரை, வைகாசி முழுக்க வைத்திருந்தேன். நீ வருவதற்குள் மூட்டைகளை எடுத்துவிட்டேன். தட்டையானதில் திருப்திகூட.

நீ இரண்டையும் அடியோடு அடி சேர்த்து, நடுவில் விரல் விட்டுப் பார்த்தாய். விரல் போகவில்லை.

“இது லாரிக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டை மாதிரிக்கா. சும்மா இருக்கறப்ப வளைஞ்சிருக்கணும், ஆள் ஏறினாத்தான் படியணும். மேல எதனா வெச்சியா?”

“நான் எதுக்கு வெக்கறேன்? உனக்கு என்னிக்குடா நல்ல பொருள் பாத்து வாங்கத் தெரிஞ்சிருக்கு?”

சிரித்தாய். “அதுவும் சரிதான். ஏமாந்துட்டேன்.”

இரண்டையும் என் வீட்டிலேயே விட்டுப் போனாய். அதன்பிறகு உன் கண்ணை நீயே நம்பவில்லை. கடைசிவரை மற்றவர்கள் கழித்துப்போட்ட ஸ்கீயில்தான் இறங்கினாய். காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. எது தடுத்தது?

உன் மகள் கயல் இப்போது அங்கே பயிற்சியில் இருக்கிறாள். போன வாரம் போனில் சொன்னாள்: “சொந்தமா ஒரு ஜோடி வாங்கறேன் அத்தை. கடைக்காரரே எடுத்துக் குடுக்கட்டும். எங்கப்பாவுக்கே பாத்து எடுக்கத் தெரியல, எனக்கு எங்க தெரியப்போவுது?”

சொல்லிவிட்டேன். மூட்டைகளையும், பொய்யையும்.

“எட்டு வருசமா அத்தை?” என்றாள். “நீங்கல்லாம் ஃபிசிக்ஸ் மேடம்!” வைத்துவிட்டாள்.

நேற்று ஒரு வாட்ஸ்அப் செய்தி: “அப்பா ஸ்கீயோட அளவு அனுப்புங்க. நானே பாத்து எடுத்துக்கறேன்.” அத்தை என்ற சொல் அதில் இல்லை. மூன்று முறை அளந்து அனுப்பினேன்.

நல்ல மாஸ்டர், ஆனால் பொருள் பார்க்கத் தெரியாதவன் என்று உன்னைக் கேலி செய்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களாம். தை மாதம் குல்மார்க் போகிறேன். கயல் என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும், அவர்கள் ஒவ்வொருவரிடமும் என் அரைகுறை இந்தியில் சொல்வேன்: சேகர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தான். கெடுத்தது அவன் அக்கா.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அக்கா