தரங்கம்பாடிக்கு ஒரு அட்டவணை

சனிக்கிழமை, இரவு.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல்முறையாக, ஓய்வுக்கென்று இரண்டு நாள் தரங்கம்பாடி போகிறோம். அதற்கும் என் வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனி ஷிப்ட் மாதிரி அட்டவணை போட்டுவிட்டார். ஆறுக்குச் சூரிய உதயம், ஏழுக்கு இட்லி, எட்டுக்குக் கோட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அலையைப் பாத்துக்கினு சும்மா குந்தறது எப்போ?" என்று கேட்டேன்.

"நாலுலேர்ந்து நாலேகால்" என்று சொல்லி, அதையும் எழுதினார். தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டேன்.

கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சும்மா குந்துனா, போன வருஷம் வேலை போயி வூட்லயே கெடந்தது ஞாபகம் வருது, மேரி."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? கோபம் இன்னும் அடங்கவில்லை. கடற்கரையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போகிறேன். எவ்வளவு நேரம் தாங்குகிறாரோ, அவ்வளவு நேரம்.