நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என் எண்

மதிப்பிற்குரிய நூலாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் முன்னுரையில் வரும் மனைவி எழுதிக்கொள்வது. நானும் நலம், கடையும் நலம். உங்கள் நலத்தைப் பற்றி நீங்கள் எழுதாததால் அதை நானாக ஊகித்துக்கொள்கிறேன்.

‘ஏழே நாளில் உங்கள் இணையதளம்’ பார்சல் மூன்று வாரத்துக்கு முன்பு வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. திருத்தம் இருந்தால் எழுது.’ வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் கழித்து மனைவிக்கு நீங்கள் எழுதியது ஆறு வார்த்தை. புத்தகத்தில் கணினியை எப்படி ஆன் செய்வது என்பதற்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சரி, கேட்டிருக்கிறீர்கள், திருத்தம் சொல்கிறேன்.

முதலில் முன்னுரை. ‘கணினி என்றாலே காத தூரம் ஓடும் என் மனைவிக்கே இது புரிந்தது. உங்களுக்குப் புரியாதா?’ படித்துவிட்டு என் அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தான். நான் எங்கே ஓடினேன்? கடையைப் பூட்டியபிறகு பின்னறையில் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்து, உங்கள் கைப்பிரதியைப் பார்த்துப் படிப்படியாகச் செய்தது யார்? நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேனாவை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறந்து உதவக்கூடாதாம், அதுதான் முறையாம். “நீ எங்க முழிக்கிறியோ, அதுதான் எனக்கு வேணும்” என்றீர்கள். நான் முழித்த பதினோரு இடங்களிலும் தப்பு உங்களுடையது. பதினொன்றையும் நீங்கள் திருத்தினீர்கள். புத்தகத்தில் மட்டும் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தையல் மெஷினைக் கழற்றிப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு திருகு மிஞ்சாமல் பூட்டிக் கொடுக்கிறவள் நான். உங்களுக்குப் பாபினில் நூல் சுற்றத் தெரியாது. உங்களை வைத்து நான் ஒரு புத்தகம் எழுதி, ‘என் கணவருக்கே புரிந்தது’ என்று போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் மட்டும்தான் இப்படியோ என்று தெரிந்துகொள்ள, இதே விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கிற வேறு மூன்று புத்தகங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். முதல் அத்தியாயத்தில் இணையத்தின் பெருமை. அடுத்ததில் சிரிக்கிற பல்பு ஒன்று ‘பயப்பட வேண்டாம்’ என்று சொல்கிறது. நான் பயப்படுகிறேன் என்று அந்தப் பல்பிடம் யார் சொன்னது? ஒரு பட்டனை அழுத்தினால் ‘வாழ்த்துகள், நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்’ என்கிறார்கள். எங்காவது உண்மையிலேயே சிக்கிக்கொண்டால், ‘இது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று கையை விரித்துவிடுகிறார்கள். தெரியாததைக் கற்றுக்கொள்ள வருகிறவரைக் கைக்குழந்தையாக்கி, நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிற தொழில் இது. அதில் நீங்கள் நன்றாகவே தேறியிருக்கிறீர்கள்.

இனி முக்கியமான திருத்தம். நாற்பத்து மூன்றாம் பக்கம், ஆறாவது படி.

நான்கு மாதமாகக் கடை போனுக்கு ஓய்வே இல்லை. மெஷின் ரிப்பேருக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தர் பல் பிடுங்க நேரம் கேட்கிறார். ஒரு அம்மா தன் பெண்ணுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியுமா என்கிறார். ராங் நம்பர் என்று சொன்னால், “வெப்சைட்ல இந்த நம்பர்தானே போட்டிருக்கீங்க, ஏங்க விளையாடுறீங்க?” என்று கோபித்துக்கொள்கிறார்கள். போன் கம்பெனிக்காரர்களைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் புத்தகம் வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாதிரிக்காக நீங்கள் காட்டியிருக்கும் தளம் நம் கடை. படத்தில் ‘தொடர்பு எண்’ பெட்டிக்குள் என் எண். கீழே தடித்த எழுத்தில்: ‘படத்தில் உள்ளபடியே இடவும். எதையும் மாற்ற வேண்டாம்.’

அந்த அப்பாவிகள் மாற்றவில்லை. ஆசிரியர் சொன்னால் கேட்கிற நல்ல மாணவர்கள். கடைப் பெயரையும் படத்தையும் பிற்பாடு மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள், எண்ணை மாற்றச் சொல்ல மறந்துவிட்டீர்கள். என் எண்ணை நானே இணையத்தில் தேடிப் பார்த்தேன். முப்பத்து நான்கு தளங்கள். முப்பத்து நான்கு பேர் தங்கள் தொழிலுக்கு என்னைக் காவல் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருவர் கூப்பிட்டார். “சிஸ்டர், அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு, எழுந்திரிக்க முடியல, உடனே வர்றீங்களா?” வீட்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு நர்சின் தளத்தில் அவர் என் எண்ணை எடுத்திருக்கிறார். நான் நர்ஸ் இல்லை என்று புரியவைத்து, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்வதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. பின்னால் அந்த முதியவர் கீழே கிடந்து அரற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுநாள் அந்த மகனே கூப்பிட்டார். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்து இல்லை என்றார். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். நீங்கள் கேட்க வேண்டியதை அவர் கேட்டார், என்ன செய்வது?

அந்த நர்சின் தளத்தில் முகவரி இருந்தது. விஷயத்தைச் சொல்லிக் கடிதம் போட்டேன். நேற்று கூப்பிட்டாள், சின்னப் பெண்தான். “நாலு மாசமா ஒரு போன்கூட வரலைக்கா. என்னை யாருக்குமே வேணாம் போலன்னு நெனச்சுட்டேன்” என்று அழுதாள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அது அடிக்குமா அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. ஆறாவது படிக்கு அழைத்துப் போய், அவள் எண்ணைப் போட வைத்தேன். நாலே நிமிடம் ஆனது. பல்பு கில்பு எதுவும் தேவைப்படவில்லை. மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறேன். பழுதுக்கு வந்த மெஷின்கள் வாசல் வரைக்கும் நிற்கின்றன.

என் எண் ஏன் அங்கே போனது என்பதையும் யோசித்தேன். நான் செய்து பார்த்த கைப்பிரதியில் அந்த இடத்தில் பத்து சைபர்தான் இருந்தது. பெட்டி சைபரை ஏற்கவில்லை என்று உங்களிடம் சொன்னதும் நான்தான். வேறொரு எண் வேண்டியிருந்திருக்கிறது. உங்களுக்கோ எந்த எண்ணும் மனதில் நிற்காது. சொந்த எண்ணைக்கூடக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்வீர்கள். மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைப் போட்டிருக்கிறீர்கள். இதற்காக உங்களைத் திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த ஒரு பத்தியை மட்டும் மூன்று தடவை கிழித்து எழுதினேன்.

நீங்கள் கிளம்பியதற்கு முந்தைய நாள், அண்ணன் எதிரில், “தனக்குன்னு ஒரு வெப்சைட் இல்லாதவர் ஊருக்குக் கத்துக்குடுக்கப் போறாரு” என்று நான் சொன்னேன். சொன்னது உண்மைதான். அண்ணன் எதிரில் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் புத்தகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. அன்று அண்ணன் எதிரில் சொன்னதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

எண்ணை மாற்றிவிடலாம் என்று போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை விடுமுறை. சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு அழைப்பு வரும். மறுமுனையில் இருப்பவருக்குப் பல்லும் பிடுங்க வேண்டாம், நீச்சலும் வேண்டாம். அவர் பேசுவதே இல்லை. கடை போனில் கூப்பிடுகிறவர் எண் தெரியாது, அதனால் முதலில் யாரோ பொறுக்கி என்று நினைத்து நன்றாகத் திட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டாமல் சும்மா காதில் வைத்துக் கேட்டேன். டிக், டிக், டிக் என்று ஒரு பேனாச் சத்தம். அதன்பிறகு நானும் பேசுவதில்லை. இரண்டு நிமிடம் கழித்து வைத்துவிடுகிறார்.

இரண்டாம் பதிப்பில் செய்ய வேண்டியவை: முன்னுரையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள். பெட்டியைக் காலியாக விட்டு, ‘உங்கள் எண்ணை இடவும்’ என்று போடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பத்திரிகையில் ஒரு அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பதிப்பாளர் முனகினால், கீழே விழுந்த அந்த முதியவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம். உங்களுக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். முதல் படி, போனைக் கையில் எடுக்கவும். இரண்டாவது படி, மனதில் உள்ள எண்ணைப் படத்தில் உள்ளபடியே அழுத்தவும், எதையும் மாற்ற வேண்டாம். மூன்றாவது படி, பேனாவைக் கீழே வைக்கவும். நான்காவது படி, மறுமுனையில் ஒரு பெண் எடுத்ததும் வாயைத் திறந்து பேசவும். எங்கே முழிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு நான் சும்மா நிற்க மாட்டேன், உதவுவேன். பயப்பட வேண்டாம்.

வருகிற ஞாயிறு வரை படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
காத தூரம் ஓடாமல் இங்கேயே இருக்கும்
உங்கள் மனைவி