அன்புக்கு ஆதாரம், மூன்று நகல்

ஜூன் 3, செவ்வாய். காலை 6.10. எண்ணிக்கை: 61.

காற்று. மேற்கே மலைப்பக்கம் சாரல் மேகம். ஊருக்குள் தூசி மட்டும். செல்வினை (இனி செ.) டயாலிசிஸ் யூனிட்டில் விட்டாயிற்று. அறுபத்தொன்றாவது தடவை. எடை 2.8 கிலோ கூடுதல். நேற்று, கூடாது என்று தெரிந்தும் இளநீர் குடித்திருக்கிறான். கேட்டால் இல்லை என்கிறான். கணக்கு வாத்தியார், பொய் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே உறவினர் ஒருவருக்குத்தான் அனுமதி. அவன் அப்பா ஊரிலிருந்து வந்திருந்ததால் நான் வெளியே. ஆனால் அந்த யூனிட்டின் ஆறு மெஷினுக்கும் சர்வீஸ் இன்ஜினியர் நான்தான். கருவிப் பை தோளில் இருந்தால் யாரும் தடுப்பதில்லை. அவன் படுத்திருந்த நான்காம் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. கழற்றி மாட்டினேன். நாற்பது நிமிடம் பக்கத்தில் இருந்தேன்.

அவனுக்குக் கிட்னி கொடுக்க எடுத்த என் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது. அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்குப் பிரஷர், தங்கை பிரிசில்லாவுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்கு எல்லாம் சரி. டாக்டர், "பொருத்தம் பிரமாதம்" என்றார். எங்கள் இருவருக்கும் பொருத்தம் பார்த்த முதல் ஆள்.

பிறகு கோ-ஆர்டினேட்டர் மேடம் இரண்டு படிவம் காட்டினார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர் என்றால் ஒன்று. மற்றவர்களுக்கு இன்னொன்று, மதுரையில் கமிட்டி முன்னால் நேரில் போக வேண்டும். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதற்குப் படிவம் ஏற்கிற காரணம்: அன்பு, பற்றுதல்.

"அதுக்கு ஆதாரம் மூணு செட் நகல் எடுத்து வைங்க."

"பொண்டாட்டி குடுத்தா என்ன ஆதாரம் மேடம்?"

"மேரேஜ் சர்டிபிகேட், கல்யாண ஆல்பம். முடிஞ்சிது. நண்பர்னு வந்தாத்தான் கஷ்டம். காசு வாங்கிட்டு வாரவன் எல்லாம் நண்பர்னுதான் சொல்லுதான்."

ஆணும் ஆணும் கல்யாணம் செய்வது எங்கள் வேலை இல்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, செ. டியூஷனில் முக்கோணவியல் எடுத்துக்கொண்டிருந்தான். "நமக்கென்னலே, நாம என்ன மண்டபமா பாக்கப் போறோம்" என்றான். நானும் அத்தோடு விட்டேன். அப்போது இரண்டாம் படிவத்தைப் பார்த்ததில்லை.

ஜூன் 4, புதன்

லீவு போட்டு ஆதாரம் தேடினேன். கிடைத்தது:

— வாடகை ஒப்பந்தம்: செ. பெயர் மட்டும். நான்கு வருடமாக அதே மாடியில் இருக்கிற நான் எந்தத் தாளிலும் இல்லை.
— என் ஆதார், லைசென்ஸ், பேங்க் புத்தகம்: ஏரலில் அம்மா வீட்டு முகவரி.
— அவன் போனில் நான்: "ஆர்.ஓ. சர்வீஸ்".
— வாட்ஸ்அப்: காலி. தினமும் படுக்கும் முன் அழிப்பது வழக்கம்.
— இருவரும் ஒரே படத்தில்: 9. ஏழில் நடுவே வேறு ஆள். ஒன்றில் என் கட்டைவிரல். ஒன்று கேஸ் இணைப்புக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

மாதக் கடைசியில் ஊருக்குப் போகும்போது, புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும் முன் செ. போனைத் துடைத்துச் சுத்தமாக்குவான். நான் பக்கத்தில் நின்று, "குப்பைத் தொட்டியையும் காலி பண்ணு" என்று ஞாபகப்படுத்துவேன். நல்ல டிசைன். நான்கு வருடத்தில் ஒரு ஓட்டை விடவில்லை.

இப்போது ஓட்டைதான் வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி. எண்ணிக்கை: 62.

செ.யை யூனிட்டில் விட்டுவிட்டு ஏரல். கொடுப்பவனின் வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் பரவாயில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு முதலில் சொன்னது: "ஏலே சுடலை, ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவம்லே பொண்ணு தருவான்?"

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"பொண்ணு."

செதிலைச் சுரண்டினாள். பிறகு, "அந்த வாத்தியாரு பையன் நம்ம வீட்ல உக்காந்து முள்ளு எடுத்து எடுத்துத் திம்பான். கடக்கரைக்காரனுக்கு மீன் திங்கத் தெரியலன்னு சிரிச்சேன். பாவம். எங்கன போடணும்?"

கை கழுவாமல் வாங்கியதால் முதல் நகலில் கறை. மேடம் ஒத்துக்கொள்வாரா தெரியாது. அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் தெரியாது. கேட்கவில்லை. வழக்கமாக எதையும் கேட்டுவிடுகிற ஆள் நான்.

ஜூன் 9, திங்கள்

மேலப்பாளையம். ஆர்.ஓ. பிளாண்ட் வேலை காஜாவோடு. காஜா என் ஹெல்ப்பர் இல்லை, சீனியர். ஆனால் பில் எழுதுவது மட்டும் நான்.

டீக்கடை டி.வி.யில் ஒரே பாலினக் கல்யாணம் பற்றி விவாதம். கடை அண்ணாச்சி பாலை ஆற்றிக்கொண்டே: "இவனுவளுக்குக் கல்யாணம் ஒண்ணுதான் கேடு. ரூமைப் போட்டமா வந்தமான்னு இருக்கணும். தாலி எதுக்கு வே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாவை ஆபரேஷன் தியேட்டர்ல ஏத்துனா கையெழுத்து யாரு போடுவா?"

"நாந்தான்."

"ஏன், நீங்க டாக்டரா?"

"கட்டுனவம்லா வே."

"அதுக்குத்தான் கேக்கானுவ. ரூமுக்கு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார், அது கண்ணில் தெரிந்தது. பிறகு, "அது வேற, இது வேற" என்று சேனலை மாற்றினார். டீக்கு எப்போதும் தருகிற வடையைத் தரவில்லை.

வண்டியில் காஜா: "ஒனக்கு ஏம்லே இவ்வளவு சூடு?"

"சும்மா."

"சும்மாவா? ரெண்டு வருசமா தெரியும்லே. நீ சொல்லுவன்னு இருந்தேன். சொன்னாத்தானே கேக்க முடியும்." அப்புறம், "மதுரைக்குப் போட்டோ வேணும்னு பொலம்புனியே. எந்தங்கச்சி கல்யாண ஆல்பத்தைப் பாத்தியா?"

அவன் வீட்டில் உம்மா அலமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார்கள். பக்கம் 31. ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், நான்கு பேர் பிரியாணி சாப்பிடுகிறோம். செ. ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளுகிறான். நான் பார்க்காமல் எடுக்கிறேன். கேமராக்காரன் இருப்பதே தெரியவில்லை எங்களுக்கு.

எங்களுக்கு ஆல்பம் இல்லை. இன்னொருத்தி ஆல்பத்தில் அரைப் பக்கம்.

ஸ்கேன், மூன்று நகல், கலர்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். மின்சாரம் இரண்டு தடவை போனது.

செ. படுத்தபடி பேசினான். கணுக்கால் வீக்கம், அழுத்தினால் குழி.

"கமிட்டிக்கு அப்பா வருதாரு. நண்பன்னு மட்டும் சொல்லு."

"நண்பன்னா காசுன்னுதான் நினைப்பானுவ. ஃபைலைத் திருப்பிருவான்."

"நினைக்கட்டும். காசுக்குக் குடுக்கான்னு நினைச்சாக்கூட அப்பா தாங்கிக்கிடுவாரு. இது தெரிஞ்சா அவரு படகுல ஏற மாட்டாரு. கூட வலை இழுக்கவன் என்ன கேப்பான்னு பயந்துக்கிட்டு கரையிலயே உக்காந்துருவாரு."

"நீ செத்தா ஏறுவாராக்கும்?"

சொல்லியிருக்கக் கூடாது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு மணி நேரம் கழித்து, "சரி, சொல்லல" என்றேன். கையை நீட்டினான். டயாலிசிஸ் ஊசி போடுகிற கை. அதில் ரத்தம் ஓடுகிற அதிர்வு தொட்டால் தெரியும். பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 18, புதன். மதுரை.

நேற்று 65 முடிந்தது. காலை ஐந்து மணி பஸ். செ., அவன் அப்பா, நான். கோவில்பட்டியில் அப்பா மூன்று டீ வாங்கி வந்தார். "தம்பி, ஒமக்கு நாங்க என்ன செய்யப் போறோம்" என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர். உள்ளங்கை முழுதும் வலைக் கயிறு அறுத்த கோடு.

அறையில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண் டாக்டர். வீடியோ கேமரா. எனக்குப் பின்னால் செ.யும் அவன் அப்பாவும்.

"எவ்வளவு பேசிருக்கீங்க?"

"பேசல சார்."

"வண்டிக்குக் கடன் இருக்கு போல."

"கட்டுதேன்."

"நண்பருக்காக யாரும் உடம்பை அறுத்துக்கிறதில்ல தம்பி. கல்யாணமாகல, நாளைக்குப் பிள்ளைகுட்டி வேணாமா?"

பெண் டாக்டர் பக்கம் 31-ஐப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் கல்யாணம்?"

"கூட வேலை பாக்குறவன் தங்கச்சி."

"இந்த கேஸ் படம் தவிர, உங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற படம் இல்லையா?"

"அழிச்சிட்டோம்."

"ஏன்?"

ஆண்களில் ஒருவர் பேனாவை மூடி, ஃபைலை ஓரமாகத் தள்ளினார். தள்ளியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"வெளிய தெரியக் கூடாதுன்னு. நாலு வருஷமா நாங்க குடும்பமா இருக்கோம் மேடம். சட்டம் விட்டிருந்தா கட்டியிருப்போம். கட்டியிருந்தா உங்க முன்னால வந்தே இருக்க மாட்டோம்."

பேனாக்காரர்: "அது... கவுன்சிலிங் எதுவும் பாத்தீங்களா? ஒரு மயக்கத்துல இந்த மாதிரி முடிவு..."

"உங்க வீட்ல உங்களுக்குக் குடுத்தா மயக்கம்பீங்களா சார்?"

"குரல் உயர்த்தாதீங்க."

பெண் டாக்டர் மெல்ல ஃபைலை இழுத்தார். "படிவத்துல அன்பான்னு கேட்டிருக்கோம். பதில் சொல்லிட்டாரு. பணம் இல்லைன்னு எனக்குத் திருப்தி." எழுதினார்.

வென்றுவிட்டேன் என்று அரை வினாடி நினைத்தேன். பிறகு திரும்பினேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல. செ. தரையைப் பார்த்திருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் டீ இரண்டுதான் வந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா, "செல்வின், ஊருக்கு வா" என்றார். போனான். போகும் முன் என்னிடம் வந்து, சத்தமில்லாமல், "உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

மாத்திரைப் பை என் கையில் இருந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது அப்பாதான். முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 20, வெள்ளி

நான்காம் மெஷினில் வேறு ஆள். செ. போன் அணைந்திருக்கிறது.

பிரிசில்லாவிடமிருந்து மெசேஜ்: "தூத்துக்குடில டயாலிசிஸ் பார்த்துக்கிடுதோம். இப்ப வராதீங்க. அப்பா சரியில்ல."

சரி. பார்க்கிறார்கள் என்றால் போதும்.

சோறு அளவு தெரியாமல் இருவருக்கு வைத்துவிட்டேன். எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. மூன்று வரி. "கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான அன்பு, பற்றுதல் நிறுவப்பட்டது." முத்திரை, கையெழுத்து, தேதி.

எங்களைப் பற்றி அரசாங்கம் எழுதிய ஒரே தாள். காட்ட ஆள் இல்லை. காஜாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "லாமினேட் பண்ணாத, சீல் அழிஞ்சிரும்" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜூன் 24, செவ்வாய். மதியம் 3.25. புது பஸ் ஸ்டாண்ட்.

இரண்டரைக்குப் பிரிசில்லா போன். அழுகை. தூத்துக்குடிக்குப் போகவே இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை, இன்றும் இல்லை. ஏழு நாள்.

"வெள்ளிக்கிழமை வண்டி வாசல்ல வந்து நின்னுது. அண்ணன் ஏறல. போயி என்னத்துக்குங்கான். எங்கிட்ட அப்பா போயிட்டு வந்தாச்சுன்னு சொல்லிட்டாவ, நான் மாமியார் வீட்ல இருந்ததால நம்பிட்டேன். இப்ப வந்து பாத்தா மூஞ்சி வீங்கி, படுக்க முடியாம உக்காந்தே இருக்கான்."

"அப்பா?"

"அவன்ட்ட பேசி ஆறு நாளாச்சு. இன்னிக்கு வாசல்ல உக்காந்து அழுதாவ. ஆனா ஏறுன்னு அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்காவ." பிறகு: "எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சண்டை போட்டு ஓஞ்சிருப்போம்லா. நீங்க எங்ககிட்ட சொல்லாம ஆபீசர்ட்ட போய்ச் சொல்லிட்டீங்க. வாங்க. நான் கூப்பிடுதேன், வாங்க."

பஸ் 3.50. செய்ய வேண்டியது:

1. திருச்செந்தூர் டயாலிசிஸ் டெக்னீசியனிடம் பேசியாயிற்று, 6.30-க்கு ஒரு மெஷின். ஏறும் முன் மறுபடி ஒரு தடவை உறுதி செய்வது.
2. பிரிசில்லாவிடம் கார் பிடிக்கச் சொல்லி, அதை வாசலிலேயே நிற்க வைப்பது, போன வண்டி மாதிரி திருப்பி அனுப்பாமல்.
3. அப்பாவிடம் முதலில் போவது. வாதாடக் கூடாது. "நீங்க என்னைத் திட்டுங்க, அவன்ட்ட பேசுங்க" என்று மட்டும். அடித்தால் வாங்கிக்கொள்வது.
4. செ.யிடம் மன்னிப்புக் கேட்பது, வாக்கு மீறியதற்கு. சொன்ன விஷயத்துக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை இன்று விளக்கக் கூடாது.
5. கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது.
6. அவன் காரில் ஏறும் வரை கிட்னி பற்றிப் பேச்சே இல்லை. ஏறிய பிறகு, சத்தம் போடாமல்: வாங்கிக்கொள், உடம்பு தேறியதும் ஊரிலேயே இரு, என்னைப் பார்க்க வர வேண்டாம், நான் எதுவும் கேட்க மாட்டேன்.
7. சொன்னபடி, கேட்காமலும் இருப்பது.